கோவைக்கு ஒரு மோட்டார் பந்தய ஹால் ஆஃப் ஃபேம்: எங்கே தொடங்குவது, யாரைச் சேர்ப்பது?

கேட்ட கேள்வி இது. கோவையில் மோட்டார் பந்தயத்தில் ஆர்வமுள்ள நண்பர்கள் சிலர் சேர்ந்து, நம் பகுதிப் பந்தய வீரர்களுக்கு அமெரிக்காவில் இருப்பது போல ஒரு ஹால் ஆஃப் ஃபேம், அதாவது சாதித்தவர்களைத் தேர்ந்து பெயர் பொறித்து மரியாதை செய்யும் புகழ் மண்டபம், தொடங்க நினைக்கிறார்கள். அங்கே யாரை எந்த அளவுகோலில் தேர்ந்தெடுக்கிறார்கள், நமக்கு எது ஒத்துவரும், நல்ல இடமாகப் பார்த்து வேலையை ஆரம்பிக்கலாமா, முதலில் யார் யார் பெயரை வைப்பது என்று கேட்டிருக்கிறார்கள்.

இடம் பார்ப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பதுதான் என் முதல் பதில். முதலில் விதிகளை எழுதுங்கள், பொருட்களையும் ஆட்களின் நினைவுகளையும் சேருங்கள், அப்புறம் கட்டடத்தைப் பற்றி யோசிக்கலாம். கட்டடத்தில் தொடங்கியவர்கள் பட்ட பாடு நம் கண்முன்னே இருக்கிறது.

சாலைக் கார் தோற்றத்தில் கட்டிய கார்கள் ஓடும் ஸ்டாக் கார் பந்தயத்தை அமெரிக்காவில் நடத்தும் அமைப்பு நாஸ்கார். அதன் ஹால் ஆஃப் ஃபேம் வட கரோலைனாவின் ஷார்லட் நகரில் 2010 மே மாதம் திறந்தது. அந்தப் பந்தயத்துக்கு அந்த வட்டாரம்தான் தாய்வீடு. பெரும்பாலான அணிகளின் பட்டறைகள் அங்கேதான் இருக்கின்றன. உள்ளே பந்தயத் தடத்தின் சாய்வைப் போலவே வளைந்து ஏறும் ஒரு பாதை உண்டு. அதன்மேல் பழைய பந்தயக் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். போகப் போகச் சாய்வு கூடிக் கடைசியில் 33 டிகிரியைத் தொடுகிறது. டிவியில் பார்க்கும்போது சும்மா ஒரு வளைவு என்று தோன்றுவது எவ்வளவு செங்குத்தானது என்று அங்கே நின்றால்தான் தெரியும். இவ்வளவு அருமையாகக் கட்டியும், கணித்த கூட்டத்தில் பாதிகூட முதல் ஆண்டில் வரவில்லை. நட்டத்தில்தான் நடந்தது.

அமெரிக்காவில் சாக்கர் என்று சொல்லும் நம் கால்பந்துக்கான ஹால் ஆஃப் ஃபேம் கதை இன்னும் வருத்தமானது. நியூயார்க் மாநிலத்தில் ஒனியான்டா என்ற சிற்றூரில் இருந்ததை 2010-ல் மூடிவிட்டார்கள். சேர்த்து வைத்த கோப்பைகளும் சட்டைகளும் கிடங்குக்குப் போயின. மறுபடி டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் திறக்க 2018 ஆகிவிட்டது.

இதற்கு நேர்மாறாக ஐசிசி கிரிக்கெட் ஹால் ஆஃப் ஃபேமைப் பாருங்கள். ஐசிசியின் நூற்றாண்டை ஒட்டி 2009 ஜனவரியில் தொடங்கினார்கள். முதல் பட்டியலில் 55 பேர். அதில் பேடி, கவாஸ்கர், கபில்தேவ் மூவரும் இந்தியர்கள். பிறகு கும்ப்ளே, டிராவிட், டெண்டுல்கர் என்று சேர்ந்து, 2023-ல் டயானா எடுல்ஜி இந்தியப் பெண்களில் முதலாவதாக நுழைந்தார், 2025-ல் தோனி வந்தார். சேர்க்கப்படுபவருக்கு ஒரு நினைவுத் தொப்பி கொடுக்கிறார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கப் பெரிய மண்டபம் எதுவும் இல்லை. அதனால் அந்தப் பெருமை கொஞ்சமும் குறைந்துவிடவில்லை. ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆக வேண்டும், இன்ன அளவு ரன், இன்ன அளவு விக்கெட் என்று தெளிவான கோடு போட்டுத் தொடங்கினார்கள். அந்தக் கோடுதான் அதன் பலம்.

தேர்வு முறைக்கு வருகிறேன். இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

எல்லாரும் முன்மாதிரியாகப் பார்ப்பது பேஸ்பாலுக்காக நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் மண்டபத்தை. 1936-ல் முதல் தேர்வு நடந்தது, ஐந்து பேர் தேறினார்கள். அருங்காட்சியகக் கட்டடம் 1939-ல்தான் திறந்தது. பத்து ஆண்டுகளாவது அந்த விளையாட்டைப் பற்றி எழுதிவந்த பத்திரிகையாளர்கள்தான் வாக்களிக்கிறார்கள். வீரர் பத்து சீசன் ஆடியிருக்க வேண்டும், ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். ஒரு வாக்காளர் அதிகபட்சம் பத்துப் பேருக்கு வாக்குப் போடலாம். நூற்றுக்கு 75 வாக்கு வாங்கினால் உள்ளே, ஐந்துக்குக் கீழே போனால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். இடையில் நிற்பவர்கள் பத்து ஆண்டு வரை மறுபடி மறுபடி நிற்கலாம். 75 என்பது எவ்வளவு கறாரான எண் என்று பாருங்கள். முதல் தேர்வில் பேப் ரூத்துக்கே 226-ல் 215 வாக்குத்தான் கிடைத்தது. ஒருவர் விடாமல் எல்லாரும் வாக்களித்த முதல் வீரர் மரியானோ ரிவேரா; அது நடந்தது 2019-ல். அடுத்த ஆண்டே டெரிக் ஜீட்டருக்கு ஒரே ஒரு வாக்குக் குறைந்தது.

இந்தக் கறாரான வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பின்வாசலும் இருந்தது. பழைய வீரர்களைத் திரும்பிப் பார்த்து, விட்டுப்போனவர்களைச் சேர்க்க ஒரு தனிக் குழு. நல்ல நோக்கம்தான். ஆனால் 1970-களின் தொடக்கத்தில் அந்தக் குழுவில் ஃபிராங்கி ஃபிரிஷ் என்ற பழைய நட்சத்திரம் இருந்தபோது, அவரோடு ஒரே அணியில் ஆடியவர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். ஜெஸ்ஸி ஹெய்ன்ஸ், சிக் ஹேஃபி, ஜார்ஜ் கெல்லி என்று அந்த வரிசை நீளும். அவர்கள் மோசமான ஆட்டக்காரர்கள் இல்லை. ஆனால் அரை நூற்றாண்டு கழிந்தும் அந்தப் பெயர்களைச் சொன்னால் "ஃபிரிஷின் ஆட்கள்" என்றுதான் பேசுகிறார்கள். உள்ளே போனவர்களுக்கே அது ஒரு குறையாகிவிட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் கார் ஓட்டியவர், காரைக் கட்டியவர், பணம் போட்டவர், டயர் கொடுத்தவர் எல்லாரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தால், பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் கூட்டாளிகள். மாமன் மச்சான், பங்காளி, சம்பந்தி இல்லாத குழு ஒன்றை நம் ஊருக்குள்ளேயே அமைப்பது நடக்காத காரியம். அதனால் தேர்வுக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது வெளியூர்க்காரர்களாக இருக்கட்டும். சென்னை, பெங்களூரு, புனேயில் பந்தயம் நடத்தியவர்கள், நேரக் கணக்கு எழுதியவர்கள், செய்தி எழுதியவர்களைக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். சொந்தக்காரர் பெயர் வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று எழுத்தில் வையுங்கள். நன்கொடை கொடுத்தவருக்குக் குழுவில் இடம் கிடையாது என்பதையும் எழுதி வையுங்கள். இதைப் பேசுவது சங்கடமாகத்தான் இருக்கும். முதல் காசோலை வருவதற்கு முன்பே பேசிவிட்டால் சங்கடம் குறைவு.

அடுத்தது யாருக்கு இடம் என்பது. உங்கள் கேள்வியில் "பந்தய வீரர்களுக்கு" என்று இருக்கிறது. அந்த இடத்தில்தான் எனக்கு மாறுபாடு. ஓட்டியவர்களை மட்டும் வைத்தால் கோவையின் கதையில் பாதிகூட வராது.

உலகத்தில் நிலைத்து நிற்கும் மண்டபங்கள் பலவும் ஆடியவருக்கு ஒரு பிரிவும், அந்த விளையாட்டை வளர்த்தவருக்கு ஒரு பிரிவும் வைத்திருக்கின்றன. ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் இருக்கும் சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் 2024 ஜூலையில் லியாண்டர் பயஸும் நம் சென்னை விஜய் அமிர்தராஜும் ஒரே மேடையில் சேர்க்கப்பட்டார்கள். ஆசிய ஆண்களில் அவர்கள்தான் முதல். பயஸ் ஆட்டக்காரர் பிரிவில். அமிர்தராஜ் பங்களிப்பாளர் பிரிவில். நாஸ்கார் 2010-ல் சேர்த்த முதல் ஐந்து பேரில் இருவர், பந்தய அமைப்பைக் கட்டி நடத்திய ஃபிரான்ஸ் குடும்பத்துத் தந்தையும் மகனும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் கூடைப்பந்து மண்டபத்துக்குப் பெயரே ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891-ல் பீச் பழக்கூடையை உடற்பயிற்சிக் கூடத்தின் பால்கனியில் மாட்டி அந்த ஆட்டத்தை உண்டாக்கிய உடற்பயிற்சி ஆசிரியர் அவர்.

நம் ஊரில் அந்தப் பிரிவின் முதல் பெயர் எஸ். கரிவரதன். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை பக்கத்துச் சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். அம்பாசடரையும் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப் பூட்டித்தான் ஓட்டினார்கள். வெளிநாட்டுப் பந்தயக் கார் வேண்டுமென்றால் அதன் விலையை விட இறக்குமதி வரி பயமுறுத்தும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிற கார். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த கரி, அந்த எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. எஃகுக் குழாயை அளந்து அறுத்து, சட்டத்தில் பூட்டி, பற்றவைத்து எடுக்கிற வேலை நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் புதிதில்லை. பம்ப் செட்டுக்கும் நூற்பாலை இயந்திரத்துக்கும் பாகம் கடைந்த கைகள்தான் இங்கே அத்தனை லேத்திலும் இருந்தன. எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே மாதிரி கார் என்றால் யாரிடம் காசு அதிகம் என்பது பின்னால் போய், யார் நன்றாக ஓட்டுகிறார்கள் என்பது முன்னால் வரும். கழன்றதை நம் ஊர்க் கடையிலேயே வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஒரு தலைமுறைக்கே பந்தயத்தின் அரிச்சுவடி இந்தக் கார்தான்.

இதன் பலன் எங்கே போய் நின்றது என்று பாருங்கள். நரேன் கார்த்திகேயன் 1993-ல் ஃபார்முலா மாருதியில் ஓட்டினார். 1994-ல் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் ஒரு தொடரை இந்தியர் ஒருவர் வென்றது அதுதான் முதல் முறை. 1996-ல் ஃபார்முலா ஏசியா சாம்பியன். 2005-ல் மெல்போர்னில் ஜோர்டன் காரில் உட்கார்ந்தபோது இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர். கோவைப் பட்டறைக்கும் மெல்போர்ன் தொடக்கக் கோட்டுக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுதான். கரி அதைப் பார்க்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். 2003-ல் செட்டிபாளையத்தில் திறந்த 2.1 கிலோமீட்டர் தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரை வைத்தார்கள். அந்தத் தடத்தை எழுப்பிய முன்னாள் பந்தய வீரர் பி. விஜயகுமாரும் பங்களிப்பாளர் பிரிவில் பரிசீலிக்க வேண்டியவர்தான். ஒரு ஊரில் தடம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம், வார நாளில் அங்கே போய்ப் பயிற்சி எடுக்கும் பையன்களைப் பார்த்தால் புரியும்.

கரியோடு நிறுத்திவிடாதீர்கள். காரின் சட்டமான சேசிஸைப் பற்றவைத்தவர், எஞ்சின் பிரித்துப் பூட்டியவர், ராலியில் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்ன நேவிகேட்டர், வெயிலில் கொடி பிடித்து நின்ற மார்ஷல், இவர்கள் யாருடைய பெயரும் கோப்பையில் பொறிக்கப்பட்டதில்லை. முடிவுப் பட்டியலிலும் இருக்காது. எழுதி வைத்த ஆதாரம் இல்லாததால், வெறும் வெற்றிக் கணக்கை வைத்துத் தேர்ந்தால் இவர்கள் ஒருநாளும் வர மாட்டார்கள். அதனால்தான் பொருட்களையும் நினைவுகளையும் முதலில் சேருங்கள் என்றேன்.

வயதான மெக்கானிக் ஒருவரிடம் மைக்கை நீட்டி "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்றால் ஒன்றும் வராது. "அதெல்லாம் பெருசா என்னங்க இருக்குது, வேலை செஞ்சோம், அவ்வளவுதானுங்க" என்று முடித்துவிடுவார். கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். தலையில் ஓட்டை விழுந்த பழைய பிஸ்டன் ஒன்று போதும். அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பெட்ரோல் கலவை குறைந்து சூடேறி உருகியதா, தீப்பொறி டைமிங்கை ரொம்ப முன்னே தள்ளி வைத்து வெடித்ததா என்று விரலால் தடவிச் சொல்வார். அப்புறம் அது எந்தப் பந்தயம், யார் ஓட்டினார், ராத்திரி எத்தனை மணிக்கு மாற்றுப் பிஸ்டன் வந்தது, யார் பைக்கில் போய் வாங்கி வந்தது என்று கதை தானாக வரும். அதைப் பதிவு செய்யுங்கள். அவர் சொல்கிற மற்ற பெயர்களைக் குறித்துக்கொண்டு அவர்களிடமும் போங்கள். இருவர் தனித்தனியாக ஒன்றையே சொன்னால் அது ஆதாரம். இந்தத் தலைமுறைக்கு வயது எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. கட்டட வரைபடத்துக்குச் செலவழிக்கிற ஆறு மாதத்தை இதற்குக் கொடுங்கள்.

தாமதம் எப்படி வலிக்கும் என்பதற்கு கூப்பர்ஸ்டவுனிலேயே ஒரு கதை உண்டு. பக் ஓ'நீல் என்பவர் கறுப்பினத்தவருக்கென்று தனியாக நடந்த லீக்குகளில் ஆடியவர், மேலாளராக இருந்தவர். வெள்ளையர் லீக்கில் இடம் மறுக்கப்பட்ட அந்த வீரர்களின் கதையை ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர். 2006-ல் ஒரு சிறப்புக் குழு அந்த லீக்குகளிலிருந்து 17 பேரை ஒரேயடியாகத் தேர்ந்தது. ஓ'நீல் பெயர் அதில் இல்லை. ஆனாலும் அந்த விழாவில் மேடையேறி, தேர்வான மற்றவர்களுக்காகப் பேசினார். உயிரோடு இருந்து வாங்க அவர்களில் ஒருவரும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஓ'நீலும் இறந்தார். மண்டபத்தில் அவர் பெயர் வந்தது 2022-ல்.

பெயர்ப் பலகையில் என்ன எழுதுவது என்பதை யாரும் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. வருகிறவர் நின்று படிப்பது அதை மட்டும்தான். கூப்பர்ஸ்டவுனில் ரொபெர்ட்டோ கிளெமென்டே என்ற புவெர்ட்டோ ரிக்கோ வீரருக்கு 1973-ல் வெண்கலப் பலகை வைத்தார்கள். நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப் பொருள் ஏற்றிப்போன விமானம் விழுந்து இறந்தவர். அவருக்காகவே ஐந்தாண்டு காத்திருப்பு விதியைத் தளர்த்தினார்கள். ஆனால் பலகையில் தாய்வழிப் பெயரும் தந்தைவழிப் பெயரும் இடம் மாறிவிட்டன. புவெர்ட்டோ ரிக்கோ வழக்கப்படி அதைத் திருத்தி மறுபலகை வைக்க 2000 ஆகிவிட்டது. ஜாக்கி ராபின்சன் பலகை வேறு வகை. நிறத்தடையை உடைத்து 1947-ல் பெரிய லீக்கில் நுழைந்தவர் அவர். ஆட்டத்தை வைத்து மட்டும் தன்னை மதிப்பிடட்டும் என்பது அவர் விருப்பம். 1962-ல் வைத்த பலகையில் அந்த வரலாறே இல்லை. 2008-ல் புதுப் பலகை வார்த்து அதைச் சேர்த்தார்கள். நம் ஊரில் இனிஷியல் மாறுவது, ஊர்ப்பெயர் விடுபடுவது எல்லாம் தினமும் நடக்கிறது. வீட்டாரிடம் எழுத்தில் வாங்கி, அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகே கல்லில் வெட்டுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "இந்தியாவிலேயே முதல்", "ஆசியாவிலேயே பெரிய" என்று எழுதும் ஆசையை அடக்குங்கள். கூப்பர்ஸ்டவுனில் அந்த மண்டபம் இருப்பதற்குக் காரணமே ஒரு தப்பான கதை. ஆப்னர் டபுள்டே என்பவர் 1839-ல் அந்த ஊரில் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று 1907-ல் ஒரு குழு அறிவித்தது. அந்த ஆண்டு அவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில் மாணவராக இருந்தார். கதை பொய்யென்று தெரிந்த பின்னும் மண்டபம் அங்கேயே இருக்கிறது. அவர்கள் தாங்கிக்கொண்டார்கள், நாம் புதிதாகத் தொடங்கும்போது அந்தச் சுமை எதற்கு? நரேனின் 2005 இண்டியானாபொலிஸ் நான்காம் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மிஷலின் டயர் சிக்கலால் 14 கார்கள் விலகி ஆறு கார்கள்தான் ஓடின. அந்த விவரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். ஐந்து புள்ளி எடுத்தது உண்மை, ஆறு கார் ஓடியதும் உண்மை. முழுதாக எழுதினால் அவருக்கு எந்தக் குறையும் வராது. 2019-ல் ஃபூஜி தடத்தில் ஜப்பானின் சூப்பர் ஜிடி, ஜெர்மனியின் டிடிஎம் என்ற இரு கார் பந்தயத் தொடர்களும் சேர்ந்து நடத்திய பந்தயங்களில் ஒன்றை அவர் வென்றது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்கு ஒரு வரி கொடுங்கள்.

பொருள் வாங்கும்போது ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். நன்கொடையா இரவலா, இரவல் என்றால் எத்தனை ஆண்டு, சேதமானால் யார் பொறுப்பு, மண்டபம் மூடினால் யாரிடம் போகும் என்ற நாலு கேள்விக்கும் பதில் அதில் இருக்க வேண்டும். ஒனியான்டா கதையைச் சொன்னது இதற்காகவும்தான். கார், கோப்பைகூடத் தாங்கும். முதலில் அழிவது வீடியோ கேசட்டும் நெகட்டிவும். வீட்டில் யாரிடமாவது 80, 90-களின் கேசட் இருந்தால் இந்த வாரமே வாங்கிப் பிரதி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

ஜி.டி. நாயுடுவைச் சேர்க்கலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். 1920-ல் பொள்ளாச்சி–பழனி பாதையில் பஸ் விட்டவர், கோவையில் மோட்டார் என்ற சொல்லுக்கே அர்த்தம் கொடுத்தவர். ஆனாலும் என் கருத்து, வேண்டாம். அவர் பெருமை வேறு, பந்தயம் வேறு. அவிநாசி சாலையில் ஜீடி கார் அருங்காட்சியகம் அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. அதே காரணத்தால்தான் எல்லா விளையாட்டுக்குமாகச் சேர்த்து ஒன்று தொடங்காதீர்கள் என்பேன். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் எடுத்த பெரியவடகம்பட்டி மாரியப்பனையும், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவ கிரிக்கெட்டிலும் அறிமுகமான சின்னப்பம்பட்டி நடராஜனையும் விட்டுவிட மனம் வராதுதான். ஆனால் உயரம் தாண்டுபவரையும் கார் ஓட்டுபவரையும் ஒரே வாக்குச்சீட்டில் வைத்து யாராலும் நியாயம் செய்ய முடியாது.

ஒரே ஒரு விதிவிலக்குக் கேட்பேன்: ரேக்ளா. பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று ஒவ்வொரு வண்டியாக ஓடவிட்டு நேரம் குறிக்கும் பந்தயம், அடிப்படையில் மோட்டார் பந்தயத்தின் நேர ஓட்டத்திலிருந்து வேறானதே இல்லை. பந்தயத்தின்மேல் இந்த மண்ணுக்கு இருக்கும் ஆசை பெட்ரோல் வருவதற்கு முன்பே தொடங்கியது. ஓட்டுபவரோடு காளையையும் சேர்க்கலாமா என்று சிரிக்க வேண்டாம். நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸில் இருக்கும் குதிரைப் பந்தய ஹால் ஆஃப் ஃபேமில் ஜாக்கி, பயிற்சியாளரோடு குதிரைக்கும் தனி இடம் உண்டு. மேன் ஓ' வார், செக்ரட்டேரியட் என்ற குதிரைகள் எல்லாம் அங்கே உறுப்பினர்கள். காங்கேயம் காளைக்கு அந்த மரியாதை கொடுக்க நமக்கு என்ன தடை?

கடைசியாக, முதல் ஆண்டுப் பெயர்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். கரியை வாக்கெடுப்பு இல்லாமல் முதல் பெயராகவே வைக்கலாம். நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர், ராலிப் பிரிவின் வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். ஒரு இடத்தைக் கட்டாயமாகப் பட்டறைக்காரர் ஒருவருக்கு ஒதுக்குங்கள். அது யார் என்பதைப் பதிவு வேலை முடிந்த பிறகுதான் சொல்ல முடியும்.

நரேன் விஷயத்தில் விதி கொஞ்சம் இடிக்கும். பந்தயக்காரர்கள் கிரிக்கெட் வீரர்களைப் போல ஒரு நாள் குறித்து ஓய்வு அறிவிப்பதில்லை. ஐம்பதிலும் திடீரென்று ஒரு தொடரில் ஓட்ட வருவார்கள். "ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு" என்று எழுதினால் இதில் மாட்டிக்கொள்வீர்கள். நாஸ்கார் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பத்து ஆண்டு ஓட்டி 55 வயது முடித்தவர், இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தாலும் தகுதி உண்டு. அதை அப்படியே எடுத்தால், 1977-ல் பிறந்த நரேனுக்கு 2032 வரை காத்திருக்க வேண்டும். வயதை 45 என்று வையுங்கள், எல்லாருக்கும் அதே விதியாக. அவர் பெயரைச் சொல்லாமல் விதியை முதலில் நிறைவேற்றிவிட்டு, அடுத்த கூட்டத்தில் பெயர்களை எடுங்கள். விதிகளின் முதல் வரைவு தயாரானதும் அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.